கிழக்கே காட்டிய பெட்டி

ஆலுவா
2 டிசம்பர் 2024

ரெஜிலா,

நீ திரும்பத் திரும்பப் போன் செய்கிறாய். நான் எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் ஒரு நிமிடம் இளகிவிடுவேனோ என்று எனக்கே என்மேல் சந்தேகம். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது.

நேற்று தேங்காப்பட்டணம் போயிருந்தேன். மாமாவை அடக்கிய பிறகு நான் அந்த வீட்டுக்குப் போவது இது இரண்டாவது தடவை. கணவன் இறந்த துக்கத்துக்காக வெளியே வராமல் ஆயிஷா மாமி இத்தா இருக்கிற அறைக்குள் போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "உனக்க பெட்டிதானே மக்கா? உனக்க பெட்டிய நம்பித்தானே அந்த மனுசன் அவ்வளவு தூரம் போனாரு?"

"என்ன மாமி சொல்லுதியோ?"

"உனக்க கூட்டுக்காரி வந்தா. அவதான் பறஞ்சா. பெட்டிக்குள்ள உள்ள எழுத்து முழுக்க நீ எழுதினதாம்."

என்னை எடுத்து வளர்த்த வீடு அது, ரெஜிலா. வாப்பா இல்லாத எனக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது அப்துல் ரசாக் மாமா. அவரைக் கொன்றது நான் என்று, அவருடைய மனைவியிடம், அவள் வெளியே வர முடியாத நாட்களில், வீடு தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாய்.

அதன்பிறகு வாசலில் ஃபாயிஸ் என்னிடம் பேசினான். தகப்பனோடு வள்ளத்தில் இருந்தவன் அவன்தான். எஞ்சின் நின்று, காற்றில் வள்ளம் கவிழப் போகிற நேரத்தில் மாமா, ஆபத்தென்றால் இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் அந்தப் பெட்டியின் சிவப்புப் பட்டனை அழுத்தினார். "அஞ்சு தடவ அமுக்கினாரு. பச்ச லைட்டு எரிஞ்சுது. 'கேட்டுட்டானுவ, இனி வருவானுவ'ன்னு சொன்னாரு. ரெண்டு பேரும் கேனப் புடிச்சிட்டுக் கெடந்தோம். ஒருத்தனும் வரல." விடியும் நேரத்தில் மாமாவின் கை நழுவியது. மதியம்தான் ஒரு கப்பல்காரன் ஃபாயிஸைப் பார்த்தான்.

வள்ளம் கிடந்தது நம் துறைமுகத்துக்கு மேற்கே நாற்பத்தொரு கிலோமீட்டரில். உன் பெட்டி அனுப்பிய செய்தி, கிழக்கே இருபத்து நான்கரை. தேடப் போன அத்தனை படகும் ராஜாக்கமங்கலத்துக்கு நேரே கடலைச் சலித்துக்கொண்டிருந்தன.

நாற்பத்தொன்று எப்படி எதிர்த்திசையில் இருபத்து நான்கரை ஆகும் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஜூலை மாதம் கருங்கல் அலுவலகத்தில் நாம் சண்டை போட்டது இதைப் பற்றித்தானே. ஒரே அலைவரிசையில் அதிகப் படகுகளை ஏற்ற வேண்டும் என்று செய்தியைச் சுருக்கச் சொன்னாய். தூரத்துக்கு நான் ஒதுக்கியிருந்த முப்பத்திரண்டு பிட்டைப் பதினாறாகக் குறைக்கச் சொன்னாய். மீட்டர் கணக்கில் பதினாறு பிட்டில் ஒரு திசைக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான் கொள்ளும், அதற்கு மேலே போனால் என்ன செய்வது என்று முடிவு சொல், அதுவரை நிரல் கம்பைல் ஆகாது, பெட்டியில் ஓடும் வடிவத்துக்கே வராது என்றேன். நிரலைச் சோதிக்க நான் எழுதிய 'காப்பு' என்ற கருவி அதை நிறுத்தி வைத்திருந்தது. நான் வேலையை விட்டுப் போன அன்றும் அது நின்றுகொண்டுதான் இருந்தது.

பிறகு எப்படி ஓடியது?

அஃப்னா

---

கருங்கல்
5 டிசம்பர் 2024

அஃப்னாவுக்கு,

மாமாவின் மரணம் எனக்கும் துக்கம்தான். அடக்கத்துக்கு நானும் வந்திருந்தேன், நீ பார்க்கவில்லை.

கோபத்தில் எழுதியிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் சிலவற்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெட்டியின் நிரலில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் உன் பெயர்தான் இருக்கிறது. அழித்திருந்தால் திருடிவிட்டாள் என்பாய். அழிக்காமல் விட்டதற்குப் பழி போட்டுவிட்டாள் என்கிறாய். மாமியிடம் நான் பொய் சொல்லவில்லை. "யாரு எழுதினதும்மா இது?" என்று அவர்தான் கேட்டார். இருக்கிறதைச் சொன்னேன்.

ஜூலையில் நீ என்ன செய்தாய் என்பதையும் நினைத்துப் பார். கம்பைல் ஆகாத நிரலை மேசைமேல் போட்டுவிட்டு ஆலுவாவில் வேலை கிடைத்தது என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாய். மறுநாள் வாங்குகிறவர்கள் முன்னால் பெட்டியைக் காட்ட வேண்டும். உன் காப்பு கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் சர்க்யூட் படித்தவள். எனக்குத் தெரிந்த மட்டில் ஓட வைத்தேன். ஓடியது. ஒரு மாதம் குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் சோதித்தோம், ஒரு தடவைகூடத் தப்பு வரவில்லை.

கம்பெனி நடத்துகிறவளுக்கு எல்லா நாளும் பெர்ஃபெக்டாக இருக்க முடியாது. அந்தச் சுகம் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான்.

கேரளப் பக்கத்திலிருந்து பெரிய ஆர்டர் ஒன்று முடிவாகப் போகிறது. இந்த நேரத்தில் நீ ஊரில் போய் வாய் திறந்தால் நஷ்டம் எனக்கு மட்டும் இல்லை. பெட்டியில் இருப்பது உன் பெயர் என்பதை மறக்காதே.

ரெஜிலா

---

ஆலுவா
14 டிசம்பர் 2024

ரெஜிலா,

"எனக்குத் தெரிந்த மட்டில் ஓட வைத்தேன்." இதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நீ எழுதியது இரண்டே எழுத்து. ரஸ்ட் நிரல்மொழியில் 'as' என்று போட்டால் கம்பைலர் கேள்வி கேட்காது. பெரிய எண்ணைச் சின்ன இடத்தில் திணித்து, கொள்ளாததை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சரியான எண் போலவே கையில் கொடுக்கும். பழைய பைக்கின் மீட்டர் நிறைந்தால் மறுபடி பூச்சியத்துக்குப் போகுமே, அதுபோலத்தான். இங்கே பூச்சியத்தையும் தாண்டி எதிர்த்திசைக்கே போய்விடும். சோதனையில் தப்பு வரவில்லை என்கிறாயே, சோதனைக்கு நீ ஒரு நாளாவது முப்பது கிலோமீட்டர் தாண்டிப் போனாயா? உனக்குக் கடல் வாந்தி. எனக்குத் தெரியாதா?

காப்பு என்று நான் எழுதி வைத்த கருவிக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு டைப்பில், அதாவது ஓர் அளவு இடத்தில், இருக்கிற எண் இன்னொரு டைப்புக்குள் எப்போதும் முழுதாகக் கொள்ளும் என்றால் மாற்றத்தை விடும். கொள்ளாமல் போக வழி இருந்தால், போனால் என்ன செய்வது என்று நீ எழுதிக் கொடுக்கும்வரை கம்பைல் ஆக விடாது. கடலில் நடக்க வேண்டிய தப்பை மேசையிலேயே நிறுத்தி வைக்கும். நீ அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாய்.

இனி என்ன செய்யப் போகிறேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதுகில் குத்துவது உன் பழக்கம்.

கேரள ஆர்டருக்குப் புது ரேடியோ சிப் போட வேண்டும். அந்தச் சிப்பை இயக்கும் வசதி காப்பின் அடுத்த பதிப்பில்தான் வருகிறது. காப்பு என்னுடையது, பொதுவில் இருக்கிறது, யாரும் எடுக்கலாம். நீயும் எடுப்பாய், வேறு வழி இல்லை. அந்தப் பதிப்பிலிருந்து காப்பை இணைத்திருக்கிற நிரலின் எந்த வரியிலும் வெட்டி மாற்றும் 'as' இருந்தால் கம்பைல் ஆகாது. இதைப் பதிப்புக் குறிப்பின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். ஒளித்து வைத்த குண்டு ஒன்றும் அதில் இல்லை. நீ எங்கெல்லாம் சுற்றிப் போனாயோ அங்கெல்லாம் அது உன் சட்டையைப் பிடிக்கும்.

உன் ஆர்டர் நின்று போக வேண்டும். நீ அந்த மேசையில் உட்கார்ந்து, ஏன் ஓடவில்லை என்று கேட்கிறவர்களுக்கு நேரே பார்த்துப் பதில் சொல்ல முடியாமல் வியர்க்க வேண்டும். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

அஃப்னா

---

கருங்கல்
18 ஜனவரி 2025

ஏட்டி அஃப்னா,

சந்தோஷமா? நீ நினைத்ததுதான் நடந்தது.

ஆட்கள் எர்ணாகுளத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். புது சிப்போடு ஓட்டிக் காட்டுகிறேன் என்று கம்பைலுக்குக் கொடுத்தேன். திரை முழுக்கச் சிவப்பில் பிழை வரிகள். ஒன்றைச் சரி பண்ணினால் கீழே இன்னொன்று. பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார், "மோளே, இது நிங்ஙள் எழுதியது தானோ?" டீ ஆறிப் போயிற்று. அம்மா அவர்களுக்கு என்று மீன் பொரித்து வைத்திருந்தாள். சாப்பிடாமல் போனார்கள். என் அம்மா நேசபாய் சமைத்த மீனைச் சாப்பிடாமல் எழுந்து போன ஆட்கள் எங்கள் வீட்டு வரலாற்றில் கிடையாது.

அழுவேன் என்று நினைத்தாய் இல்லையா? நான் அழவில்லை. மறுநாளே உன் காப்பை வேரோடு பிடுங்கி எறிந்தேன். தலைப்பில் இருந்த ஒரே வரியை எடுத்ததும் எல்லாச் சிவப்பும் போயிற்று. புது சிப்புக்கு வேறு கருவி தேடிப் போட்டேன். சுத்தமாகக் கம்பைல் ஆகிறது. பொங்கல் கழிந்து அதே ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். பெட்டிகள் போக ஆரம்பித்துவிட்டன.

உன் காவல்காரனை வேலையை விட்டு நிறுத்திவிட்டேன், கேட்டியா? இனி என்ன செய்வாய்?

உன் பெயரை மட்டும் எடுக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.

ரெஜிலா

---

தேங்காப்பட்டணம்
2 பிப்ரவரி 2025

ரெஜிலா,

சிவப்பு போயிற்று என்கிறாய். தப்பு போயிற்றா என்று பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய். அவ்வளவு சிவப்புக்குப் பிறகும் அந்தப் பெட்டிகளைப் படகில் ஏற்றியிருக்கிறாய். 

நேற்று இங்கே மீனவர் சங்கத்தில் கூட்டம். நான்தான் கூட்டச் சொன்னேன். உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். என்ன நடந்தது என்பதை என்னிடமிருந்தும் தெரிந்துகொள்.

மாமாவின் பெட்டியை ஃபாயிஸ் கொண்டுவந்து மேசையில் வைத்தான். வள்ளத்தோடு கரைக்கு இழுத்து வந்தது, உப்பு பூத்துப்போய் இருந்தது. நாகர்கோவிலிலிருந்து ரேஷ்மி என்று ஒரு பொறியாளரைச் சங்கமே அழைத்திருந்தது, எனக்கும் உனக்கும் சம்பந்தமில்லாத ஆள். நான் ஜூலையில் கடைசியாகப் பொதுவில் ஏற்றிய நிரலை அவர் தன்னுடைய கணினியில் இறக்கினார். தூரத்தைப் பதினாறு பிட்டாகக் குறைத்தார். கம்பைலுக்குக் கொடுத்தார். நின்றது. கொள்ளாது என்று நின்றது. எல்லோரும் பார்க்க மூன்று முறை செய்தார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "நீ இப்ப மாத்திட்டு வந்து காட்டுதியோ?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பொதுவில் ஏற்றிய நிரலின் தேதியை அஃப்னாவால் மாற்ற முடியாது என்று ரேஷ்மி விளக்கினார். அப்புறம் நீ விற்ற நிரலில் இருக்கும் என்று நான் சொன்ன அந்த இரண்டு எழுத்தைச் சேர்த்தார். சத்தமில்லாமல் கம்பைல் ஆனது. மேற்கே நாற்பத்தொன்று என்று கொடுத்தார். கிழக்கே இருபத்து நான்கரை என்று வந்தது.

அங்கே இருந்தவர்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை. ஆனால் மேற்கு எது, கிழக்கு எது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.  அப்புறம் ஃபாயிஸ் எழுந்தான். "எனக்க வாப்பா அங்க கெடந்தாரு. நீங்க இங்க தேடினியோ" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

இன்று காலை துறைமுகத்தில் படகுகளிலிருந்து உன் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் ஸ்பேனர் எடுக்கக்கூடப் பொறுமை இல்லாமல் கம்பியால் நெம்பினார்கள். இரண்டு பேர் முகத்துவாரத்தில் வீசினார்கள். நான் தடுக்கவில்லை. நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது, ரெஜிலா. உன்னிடம் மறைப்பானேன், மிகவும் நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை குளச்சல். அதன் பிறகு உன் எர்ணாகுளத்துப் பெரியவரிடம் ரேஷ்மியோடு போகிறேன். நீ எத்தனை காவலைப் பிடுங்கினாலும் நான் நடந்து போகிற வழியைப் பிடுங்க முடியாது.

அஃப்னா

---

கருங்கல்
8 பிப்ரவரி 2025

அஃப்னா,

ஆர்டர் போய்விட்டது. பெரியவர் என்னிடம் பேசவில்லை, இரண்டு வரியில் எழுதி அனுப்பிவிட்டார். அலுவலகத்துக்குக் கீழே மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் ஷட்டரைப் பாதி இறக்கினார். நேற்று வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து வெளியே வரும்போது அம்மாவிடம் ஒரு பெண் கேட்டாளாம், "உனக்க மோளு செய்த பெட்டியா ஆளக் கொன்னது?" அம்மா இரவு சாப்பிடவில்லை. நீ ஜெயித்துவிட்டாய். அதை ஒத்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை.

தேங்காப்பட்டணத்திலும் குளச்சலிலும் கழற்றியாயிற்று. மற்ற துறைமுகங்களில் கழற்றவில்லை. பல இடங்களில் ஆட்கள் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். "கம்பெனிக்காரிகளுக்குள்ள சண்ட, நமக்கு என்ன" என்று ஒரு படகு முதலாளி சிரித்தார். ஒரு தடவை போனால் மாதக்கணக்கில் திரும்பாத படகுகள் அவை. நேற்று அந்தப் படகுகள் எங்கே மீன் பிடிக்கின்றன என்று முதலாளிகளிடம் கேட்டு வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் முப்பத்திரண்டைத் தாண்டித்தான் இருக்கின்றன. பார்த்ததிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை.

காப்பைத் திரும்பப் போட்டேன். சிவப்பு திரும்ப வந்தது. இந்த முறை ஒவ்வொன்றையும் படித்தேன். ஒவ்வொரு இடத்திலும் அது என்னை ஒரே கேள்விதான் கேட்கிறது: கொள்ளாவிட்டால் என்ன செய்வாய்? எனக்குப் பதில் தெரியவில்லை, அஃப்னா. தூரம் மட்டும் இல்லை. நேரத்திலும் இருக்கிறது, பாட்டரி அளவிலும் இருக்கிறது. ஒன்றுக்கு நான் ஒரு பதில் எழுதினால் இன்னொரு இடம் உடைகிறது. வெளியே ஆள் கேட்டேன், படித்துப் புரிந்துகொள்ளவே ஒரு மாதம் வேண்டும் என்கிறார்கள். அந்த நிரலை முழுதாக அறிந்தவள் நீ ஒருத்திதான். நீ எழுதிக் கொடுத்தால் கரையிலிருந்தே ரேடியோ வழியாகப் பெட்டிகளுக்குள் ஏற்றிவிடலாம்.

எனக்காகக் கேட்கவில்லை. என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள். அந்தப் படகுகளில் இருக்கிறவர்களுக்கும் உனக்கும் பகை இல்லையே.

ரெஜிலா

---

ஆலுவா
10 பிப்ரவரி 2025

ரெஜிலா,

செய்கிறேன். நேற்றே தொடங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் முதல் பதிப்பு கிடைக்கும். எண் கொள்ளாவிட்டால் பெட்டி வெட்டிய எண்ணை அனுப்பாது, நீண்ட செய்திக்கு மாறி முழு இடத்தையும் சொல்லும். அதுவும் முடியாவிட்டால் "இடம் தெரியவில்லை, ஆபத்து" என்று மட்டும் சொல்லும். தப்பான இடத்தைவிட இடமே இல்லாதது மேல். அப்போதாவது நாலு பக்கமும் தேடுவார்கள்.

நீ சொன்னாய், உன்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று. என் வேலைக்கு அதையே கூலியாக வாங்குகிறேன்.

பெட்டி விற்ற ஒவ்வொரு துறைமுகத்துக்கும் நீ நேரில் போக வேண்டும். ஆள் அனுப்பக் கூடாது, நோட்டீஸ் ஒட்டக் கூடாது. படகுகள் கரை பிடிக்கிற நேரத்தில், ஏலம் நடக்கிற இடத்தில் நின்று, உன் வாயால் சொல்ல வேண்டும். காவல் நிறுத்தியது, நான் சுற்றிப் போனேன், அதனால் அப்துல் ரசாக் இறந்தார், அந்த வரியை எழுதியது ரெஜிலா. பெயரைச் சொல்லாமல் "ஒரு தவறு நடந்துவிட்டது" என்று முடித்தால் எனக்குத் தெரியவரும்.

கடைசியாகத் தேங்காப்பட்டணம். மாமியின் இத்தா முடிந்த பிறகு. நீ அவளிடம் சொல்லிவிட்டு வந்ததை, அதே இடத்தில் உட்கார்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதல் ஊரிலிருந்து வந்ததும் எழுது. அதன் பிறகுதான் இரண்டாவது பதிப்பு.

அஃப்னா

---

கருங்கல்
24 மார்ச் 2025

அஃப்னா,

மற்ற ஊர்களைப் பற்றி அங்கங்கே இருந்தே எழுதினேன். முட்டத்தில் ஒருவர் கையில் இருந்த ஐஸ்கட்டியை என் காலடியில் போட்டு உடைத்ததையும் எழுதினேன். சின்னத்துறையில் ஒரு பெண் மட்டும் தண்ணீர் கொடுத்தாள், கொடுத்துவிட்டு, "எனக்க மாப்பிள்ள இப்பவும் கடலுக்குள்ளதான் இருக்காரு" என்றாள். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். அவர் திரும்பிவிட்டார், விசாரித்தேன். எல்லாப் பெட்டியிலும் உன் நிரல் ஏறியாயிற்று.

சனிக்கிழமை தேங்காப்பட்டணம் போனேன். நோன்பு நேரம். தெரு அடங்கிக் கிடந்தது. ஃபாயிஸ் கதவைத் திறந்து விலகி நின்றான். மாமி கூடத்தில் நாற்காலியில் இருந்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். உட்காரச் சொல்வார் என்று காத்திருக்கவில்லை.

சொன்னேன். அஃப்னா எழுதினது நின்னுபோச்சு மாமி, நான்தான் அதைச் சுத்திக்கொண்டு போனேன், அன்னைக்கு உங்ககிட்ட வந்து அவ பெயரச் சொன்னதும் நான்தான் என்று சொன்னேன். ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி வாய் பழகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பழகவில்லை.

மாமி நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அந்த மனுசன் அமுக்கினது பெட்டிக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது மாமி. அஞ்சு தடவையும் கரைக்கு வந்துது."

"அப்போ அவரு கூப்பிட்டது கேட்டுது."

"கேட்டுது மாமி."

"கேட்டும் போகல."

 மாமி எழுந்து உள்ளே போனார். வாசலில் செருப்புப் போடும்போது உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "இனி நீ இந்த வாசல்ல வரப்பிடாது. பெட்டிய மட்டும் சரியாக்கிக் குடு. இவன் மறுபடி கடலுக்குத்தான் போவான், வேற எங்க போவான்?"

நீ சொன்னது எல்லாம் முடிந்தது. போதுமா?

ரெஜிலா

---

தேங்காப்பட்டணம்
6 ஏப்ரல் 2025

ரெஜிலா,

பெருநாளுக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

வியாழக்கிழமை ஃபாயிஸ் புதுப் பெட்டியோடு போனான். நானும் வள்ளத்தில் இருந்தேன். கரை மறைந்து வெகுநேரம் கழித்து, மாமா கிடந்த இடத்தையும் தாண்டி, பட்டனை அழுத்தச் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துவிட்டு அழுத்தினான். கரையிலிருந்து சங்கக்காரர்கள், கொடுத்தனுப்பியிருந்த வயர்லெஸ்ஸில் உடனே சொன்னார்கள், நாற்பத்தெட்டு மேற்கே என்று. சரியாக இருந்தது. அவன் எஞ்சினை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். நான் அழவில்லை.

மாமி இப்போது என்னை மக்கா என்று கூப்பிடுகிறாள், பக்கத்தில் படுக்கச் சொல்கிறாள். நேற்றுச் சொன்னாள், "போதும் மக்கா. அவ ஊருக்கு முன்னால நின்னாச்சு. விட்டுரு."

போதுமா என்று நீயும் கேட்டாய். மாமிக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

நீ துறைமுகம் துறைமுகமாகச் சொன்னதைக் கேட்டவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் சிலரிடம் பேசினேன். சாட்சி சொல்ல வருகிறேன் என்கிறார்கள். நிரலைச் சரி செய்து தருகிறேன் என்றேன், தந்துவிட்டேன். அதோடு விட்டுவிடுகிறேன் என்று எந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை, எடுத்துப் பார். செவ்வாய்க்கிழமை காலை கடலோரக் காவல் நிலையத்தில் ஃபாயிஸோடு போய்ப் புகார் கொடுக்கிறேன்.

நான் ஏமாற்றிவிட்டேன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உன்னை ஊர்ஊராக அனுப்பியபோதே இதுதான் என் மனதில் இருந்தது.

அஃப்னா

---

கருங்கல்
7 ஏப்ரல் 2025

அஃப்னா,

நீ அப்படித்தான் செய்வாய் என்று முட்டத்திலேயே எனக்குத் தோன்றியது. கூட்டத்தில் ஒருவர் போனில் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இன்று காலை நானே போனேன். அம்மா கூட வந்தாள். நடந்ததை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை கேட்டார், "நீங்களா வந்து குடுக்குதியளா? வக்கீல் கிட்டக் கேட்டீங்களா?" கேட்கவில்லை என்றேன். வெளியே வந்ததும் அம்மா வேலிப்பக்கம் நின்று வாந்தி எடுத்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உன்னை எவ்வளவு வெறுக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

மனம் திருந்திப் போனேன் என்று நினைக்காதே. உனக்காகவும் போகவில்லை. நீ என் தலைமயிரைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனாய் என்று நாளைக்கு ஒருவர் சொல்லக் கூடாது. அந்த ஒன்றை உனக்குத் தர எனக்கு மனமில்லை. இத்தனை மாதமாக நீ வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டாய். இதை நானே கொடுத்துவிட்டேன், இனி எடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் அங்கே மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, அப்துல் ரசாக், வயது ஐம்பத்தெட்டு என்று எழுதும்போதுதான், அவர் எனக்கு ஒரு தடவை செங்கல் அடுப்பில் சுட்ட சூரை மீனைப் பிய்த்துக் கையில் வைத்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. முள் எடுத்துத்தான் கொடுத்தார். அதற்குப் பிறகு எழுதியது எதுவும் உனக்கு எதிராக எழுதியது இல்லை.

செவ்வாய்க்கிழமை நீ அங்கே போனால், எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பார்கள். போக வேண்டாம். காலையில் மாமியின் பக்கத்தில் இரு. அவள் உன்னிடம் போதும் என்று சொன்னது எனக்காக இல்லை, உனக்காக.

ரெஜிலா